எழுத்து மயங்கும் சிறார்

எண்ணையும் எழுத்தையும் மாந்தரின் இரு கண்களாகக் கருதினர் நம் முன்னோர். கண் இரண்டும் ஒளியுடன் விளங்கினால்தான் வழி தெளிவாகத் தெரியும். ஆனால், ஒருவனுக்கு எண் என்னும் கண் ஒளிர்ந்து, எழுத்து என்னும் கண் மட்டும் மங்கியிருக்குமானால், அவனை என்னென்று அழைப்பது? அறிவுடையவன் என்பதா? அறிவில்லாதவன் என்பதா? இவ்வினா 1896ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டு மருத்துவர் ஒருவர் முன் வந்து நின்றது.

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் சீஃபோர்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் பிரிங்கில் மார்கன் என்பவர் மருத்துவராக விளங்கினார். அவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனை ஆராய்ந்து பார்த்தார். அச்சிறுவன் நல்ல உடல் வளர்ச்சியுடையவன், விளையாட்டில் விரைவுடையவன், கூர்மதி படைத்தவன். அவனுடைய கண்பார்வையில் குறை ஒன்றும் இல்லை. ஏழு வயது முதல் அவனுக்கு ஆசிரியர்கள் ஓயாது எழுத்துக் கற்பித்து வந்தனர். ஆயினும், ஓரசைச் சொற்களையே அவன் அரிதின் முயன்றுதான் எழுத்துக் கூட்டிப் படித்தான். தன் பெயரை எழுதும்போதும் எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். மருத்துவர் ஒரு சிறு தொடரைச் சொல்லி எழுதச் செய்தார். அவன் எழுதியவற்றுள் பெரும்பாலான சொற்கள் உருச்சிதைந்து கிடந்தன.

பின்னர் மருத்துவர் எண்களை அவன் முன் வைத்தார். அவற்றை அவன் தடையின்றிப் படித்தான். அரையால் பெருக்கும் எளிய கணக்கு ஒன்றில் தவறினான். ஆனால், 749ஐ 867ஆல் பெருக்குமாறு கூறியபோது விரைவாகவும் பிழையின்றியும் விடை கண்டான். கணக்கில் தனக்கு விருப்பம் மிகுதி என்றும், அச்சிட்ட சொற்களோ தனக்குப் பொருளற்றனவாகத் தோன்றுகின்றன என்றும் அவன் கூறினான். சில ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்த ஆசிரியர், பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடைபெறுமானால் அப்பள்ளியில் அவனே முதல்வனாக விளங்குவான் என்று கருதினார். மார்கன் இவற்றையெல்லாம் எழுதிப் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். பிறவியிலேயே அமைந்த எழுத்திடர் ஒன்றனைக் குழந்தைப் பருவத்தில் கண்டு விளக்கிய முதற்கட்டுரைகளுள் அஃது ஒன்றாகும்.

இந்நிலையை அக்கால மருத்துவர்கள் 'சொற்குருடு' என்று அழைத்தனர். இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, ஜெர்மனி நாட்டுக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின், 1887ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மூளை நோயால் படிக்கும் ஆற்றல் குன்றியவர்களின் நிலையை 'டிஸ்லெக்சியா' என்னும் பெயரால் குறித்தார். கிரேக்க மொழியில் 'டிஸ்' என்பது இடர்ப்பாட்டையும், 'லெக்சிஸ்' என்பது சொல்லையும் குறிக்கும். பிறவியில் வரும் வாசிப்பிடருக்கும் பின்னாளில் அப்பெயரே நிலைத்தது. தமிழில் இதனை வாசிப்பிடர் எனலாம்.

சொற்குருடு என்னும் பழம்பெயர் பொருத்தமானதன்று. இடர் கண்ணில் இருப்பதாக அப்பெயர் காட்டுகிறது. உண்மையில் அது பெரும்பாலும் ஒலியைப் பற்றியதாகும். இதனை உணர வேண்டுமானால், பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும்.

பேச்சு இயற்கை, எழுத்துச் செயற்கை. தாய் மடியில் கிடக்கும் குழந்தைக்கு எவரும் பேச்சிலக்கணம் கற்பிப்பதில்லை. கேட்டுக் கேட்டே அது பேசக் கற்றுக்கொள்கிறது. எழுத்தோ மாந்தர் படைத்த கருவி. அது தோன்றி ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளே ஆயின. எழுத்தைக் கற்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே தனியிடம் அமைந்ததில்லை. காட்சிக்கு உரிய பகுதியையும், ஒலிக்கு உரிய பகுதியையும், பொருளுக்கு உரிய பகுதியையும் ஒவ்வொரு குழந்தையும் புதிதாக இணைத்துக்கொள்ள வேண்டும். பலருக்கு இவ்விணைப்பு எளிதில் அமைந்துவிடுகிறது. சிலருக்கு அது மெல்ல மெல்லவே அமைகிறது.

'மரம்' என்னும் சொல்லைக் காண்போம். பேசும் குழந்தைக்கு அஃது ஒரே ஓசை. படிக்கப் புகும் குழந்தையோ அவ்வோசைக்குள் ம், அ, ர், அ, ம் என்னும் ஐந்து ஒலிகள் அடங்கியிருப்பதை உணர வேண்டும். உயிர் வேறு, மெய் வேறு எனப் பகுத்து வைத்த நம் இலக்கண ஆசிரியர் செய்த பணியை ஒவ்வொரு சிறு குழந்தையும் தன் செவியால் மீண்டும் செய்தாக வேண்டும் என்பது வியப்பன்றோ? இவ்வாறு ஒலிகளைப் பிரித்துணர்வதும், பிரித்த ஒலியை அதற்குரிய எழுத்தோடு விரைந்து பொருத்துவதுமே வாசிப்பிடர் உடைய சிறார்க்கு அரியனவாக உள்ளன.

இவ்வுண்மைக்கு ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்னும் இருவர் சிறு குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். சில சொற்களைச் சொல்லி, அவற்றுள் ஓசையால் பொருந்தாத சொல் எது என்று வினவினர். சில சொற்கள் முதலில் ஒத்திருந்தன; சில இடையிலும் சில ஈற்றிலும் ஒத்திருந்தன. மோனையும் எதுகையும் இயைபும் பயின்ற தமிழ் மாணவர்க்கு இது பழகிய விளையாட்டேயாகும். எழுதப் படிக்கத் தொடங்கும் முன்னரே இதில் தேர்ந்த குழந்தைகள், பின்னாளில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் சிறந்து விளங்கினர். இத்திறனில் பின்தங்கியவர்களுள் சிலருக்கு ஓசைப் பயிற்சி அளித்தனர். சிலருக்கு அப்பயிற்சியோடு பிளாஸ்டிக் எழுத்துகளைக் கையில் கொடுத்தும் கற்பித்தனர். ஓசையும் எழுத்தும் இணைந்த பயிற்சி பெற்றவர்களே மிகுந்த முன்னேற்றம் அடைந்தனர். இம்முடிவுகள் 1983ஆம் ஆண்டில் வெளிவந்தன. செவியைப் பழக்கினால் வாசிப்பு வளரும் என்பது இதனால் விளங்கும்.

எழுத்தின் இயல்புக்கு ஏற்ப இடரின் தோற்றமும் மாறும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உள்ளன. ஒலிகளோ ஏறத்தாழ 44. ஆதலின், ஓரெழுத்துப் பல ஒலிகளைச் சுமக்கிறது. இத்தாலிய மொழியில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கும். வாசிப்பிடர் உடைய இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரின் மூளைச் செயலை ஒப்பிட்ட ஆய்வொன்று 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது. படிக்கும்பொழுது மூவர் மூளையிலும் ஒரே பகுதி குறைவாக இயங்கியது; ஆனால், வாசிப்பில் இத்தாலியரே மேம்பட்டு நின்றனர். இடர் எல்லா மக்களுக்கும் பொது. அதன் சுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் எழுத்து முறையே.

தமிழ் இவ்விரண்டனுள் எப்பக்கத்தது? நம் எழுத்துகள் 247 ஆயினும், 12 உயிரும் 18 மெய்யும் அறிந்தவன் எஞ்சியவற்றை ஒழுங்காக அறிந்துகொள்ளலாம். இஃது ஒரு பெரும் நலம். எனினும், மயங்குவதற்கு உரிய இடங்கள் இங்கும் உள்ளன. 'கொடி' என்னும் சொல்லில் கண் முதலில் காண்பது கொம்பு, அதன்பின் ககரம், அதன்பின் கால். செவி கேட்பதோ முதலில் ககர மெய். பின்னரே ஒகர உயிர். ஒரே ககரம் 'கல்' என்பதில் வன்மையாகவும், 'தங்கம்' என்பதில் மென்மையாகவும், 'அகம்' என்பதில் மேலும் நெகிழ்ந்தும் ஒலிக்கிறது. லகர, ளகர, ழகரங்களும், ரகர, றகரங்களும், னகர, ணகர, நகரங்களும் எல்லாச் சிறுவரையும் சிறிது மயக்கும். வாசிப்பிடர் உடைய சிறுவனை அவை நெடுநாள் மயக்கும்.

இத்தகைய சிறுவனை வகுப்பறையில் எங்ஙனம் அறிவது? அவன் சொல்லின் முதலெழுத்தைக் கண்டு எஞ்சியதை ஊகித்துக் கூறுவான். வரிகளைத் தவற விடுவான். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவான். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுவதற்குள் களைத்துப்போவான். வாய்மொழியாகக் கேட்டால் தெளிவான விடை கூறுவான். அதனையே எழுதச் சொன்னால் திகைத்து நிற்பான். இவற்றுள் ஒன்றிரண்டு தொடக்க வகுப்பில் எல்லாக் குழந்தைகளிடமும் காணப்படும். சிறு குழந்தைகள் எழுத்தைத் திருப்பி எழுதுவதும் இயல்பே. நல்ல கற்பித்தல் கிடைத்த பின்னரும் இவ்விடர்கள் பல ஆண்டுகள் நீடிக்குமானால்தான் ஐயுறுதல் வேண்டும். அப்போதும் முடிவு கூறுதற்கு உரியவர் பயிற்சி பெற்ற வல்லுநரே. பார்வையையும் செவிப்புலனையும் ஆராய்ந்த பின்னரே அவர் முடிவு கூறுவர்.

வாசிப்பிடருக்கு உடன்பிறப்புகளும் உண்டு. சிலருக்குக் கையெழுத்தும் எழுத்தாக்கமும் அரியன ஆகின்றன. இதனை 'டிஸ்கிராஃபியா' என்பர். சிலருக்கு எண்ணின் அளவை உணர்வதும் கணக்கிடுவதும் அரியன ஆகின்றன. இதனை 'டிஸ்கால்குலியா' என்பர். ஒருவரிடமே இரண்டு மூன்று இடர்கள் சேர்ந்திருத்தலும் உண்டு. இவற்றையெல்லாம் அடக்கிக் 'கற்றல் குறைபாடு' என்னும் பொதுப்பெயரை 1963ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் பெற்றோர் கூடிய மாநாட்டில் எடுத்துரைத்தவர் சாமுவேல் கிர்க் என்னும் அமெரிக்கக் கல்வியறிஞர். பள்ளிச் சிறார் நூற்றுவருள் 5 முதல் 15 பேர் வரை இத்தகைய இடர்களுள் ஏதேனும் ஒன்றை உடையவர் என்பது மருத்துவர் மதிப்பு. ஆகவே, வகுப்பு ஒவ்வொன்றிலும் இத்தகையவர் இருத்தல் கூடும்.

இவ்விடர் குடும்ப வழியாக வருதலும் உண்டு. இது பெற்றோர் வளர்ப்பால் விளைந்த குற்றமன்று. சிறுவனின் சோம்பலும் அன்று. ஆயினும், இதனை அறியாதார் அவனுக்கு இழைக்கும் தீங்கு பெரிது.

ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்ப்போம். மாணவர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பாடத்தைப் படிக்கின்றனர். பின்வரிசையில் ஒருவன் தன் முறை எப்பொழுது வருமோ என்று அஞ்சி அமர்ந்திருக்கிறான். தனக்கு வரக்கூடிய பத்தியை எண்ணிக் கண்டு, அதனை மனத்திற்குள் உருப்போடுகிறான். அதனால், மற்றவர் படிப்பது அவன் செவியில் விழுவதில்லை. அவன் முறை வருகிறது. முதற்சொல்லிலேயே நா தடுமாறுகிறது. பக்கத்தில் இருப்பவன் நகைக்கிறான். அந்நகைப்பு வகுப்பு முழுவதும் பரவுகிறது. மறுநாள் அச்சிறுவனுக்கு வயிற்றுவலி என்று வீட்டிலிருந்து செய்தி வருகிறது. சில திங்கள் கழித்து அவன் முரடனாகவோ ஊமையனாகவோ மாறிவிடுகிறான். தான் அறிவிலி என்று பிறர் கூறியதை அவனே நம்பத் தொடங்குகிறான். வாசிப்பிடர் அவனுடைய எழுத்தைத்தான் தடுத்தது. நகைப்போ அவனுடைய நெஞ்சுரத்தையே அழித்துவிட்டது. இரண்டனுள் கொடியது எது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்விடரை முற்றும் நீக்கும் மருந்து இல்லை. ஆனால், தக்க முறையில் கற்பித்தால் இவர்களும் நன்கு படிக்கக் கற்பர். சாமுவேல் ஆர்ட்டன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1920களில் இத்தகைய சிறாரை ஆராய்ந்தார். அவர்தம் கருத்துகளைப் பின்பற்றி, ஆன்னா கில்லிங்காம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்னும் இரு பெண்மணிகள் 1930களில் ஒரு கற்பித்தல் முறையை வகுத்தனர். கண், செவி, வாய், கை ஆகிய யாவும் ஒருங்கே தொழிற்படல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மாணவன் எழுத்தைக் காண்கிறான், அதன் ஒலியைக் கேட்கிறான், தானும் ஒலிக்கிறான், ஒலித்துக்கொண்டே விரலால் அதனை வரைகிறான். எளியது முன்னும் அரியது பின்னுமாகப் பாடம் நடக்கும். பழையது நன்கு பதிந்த பின்னரே புதியது புகும். நேற்றுக் கற்றது இன்றும் நினைவூட்டப்படும்.

இம்முறையில் மணல் பரப்பிய தட்டில் எழுதச் செய்வதும் உண்டு. இதனைக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருதல் இயல்பே. அங்கே சிறுவர் மணலைப் பரப்பி, வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதிப் பழகினர். ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் இல்லத்திலும் அவர் அம்முறையைப் புகுத்தினார். பின்னர் 1797ஆம் ஆண்டில் இலண்டனில் நூல் எழுதி இதனைப் பரப்பினார். 'சென்னை முறை' என்று மேலைநாட்டில் பெயர் பெற்ற அவருடைய கல்வி முறையில் மணலெழுத்தும் ஒரு கூறாக இருந்தது. திண்ணைப் பள்ளியினர் வாசிப்பிடரை எண்ணி மணலைப் பரப்பினர் அல்லர். எனினும், விரலும் நாவும் ஒன்றுபட்டால் எழுத்து நெஞ்சில் பதியும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர்.

ஒலியைப் பிரித்துணர்த்தப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 'மரம்' என்று ஆசிரியர் சொல்ல, மாணவன் ஒலி ஒன்றுக்குப் புளியங்கொட்டை ஒன்றாக ஐந்து கொட்டைகளை நகர்த்துவான். முதலொலியை மாற்றினால் 'கரம்' ஆகும், 'வரம்' ஆகும். காணமுடியாத ஒலி இவ்வாறு கைக்கு அகப்படும் பொருளாகிறது. கணக்கில் இடர்ப்படுவோர்க்கு ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்து இடமதிப்பை உணர்த்தலாம். எழுத்தில் இடர்ப்படுவோரிடம் விடையை வாய்மொழியாகக் கேட்கலாம். வகுப்பின் நடுவே முன்னறிவிப்பின்றி உரக்கப் படிக்கச் சொல்வதைத் தவிர்க்கலாம். தக்க பயிற்சி பெற்ற பின்னர், இச்சிறாரின் மூளையில் வாசிப்புக்கு உரிய பகுதிகள் முன்னிலும் நன்கு இயங்குவதைப் படக்கருவிகள் காட்டியுள்ளன. பயிற்சி எவ்வளவு இளமையில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்று.

நம் நாட்டில் இயற்றப்பட்ட 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. உரிய சான்று பெற்ற மாணவர்க்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருவோர் துணை முதலிய உதவிகள் அளிக்கப்படுகின்றன. இவற்றைக் கண்டு, "அவனுக்கு மட்டும் ஏன் இச்சலுகை?" என்று வினவுவோர் உளர். பார்வை குறைந்தவன் மூக்குக்கண்ணாடி அணிவதை எவரும் சலுகை என்று கூறுவதில்லை. கண்ணாடி அவனுக்கு விடையைச் சொல்லிக் கொடுப்பதில்லை. வினாவைப் படிக்கவே உதவுகிறது. கூடுதல் நேரமும் அத்தகையதே.

எழுத்தில் இடர்ப்பட்டோர் பெருஞ்செயல் ஆற்றியதும் உண்டு. மருத்துவத்திற்கான நோபல் பரிசை 2009ஆம் ஆண்டில் பெற்றவர்களுள் ஒருவரான கேரல் கிரைடர் என்னும் அமெரிக்க அம்மையார், இளமையில் எழுத்துக்கூட்டலில் பின்தங்கித் தம்மை அறிவற்றவர் என்றே எண்ணியிருந்தார். வேதியியலுக்கான நோபல் பரிசை 2017ஆம் ஆண்டில் பெற்றவர்களுள் ஒருவரான சுவிட்சர்லாந்து அறிஞர் ஜாக் துபோஷே, தாம் வாசிப்பிடர் உடையவர் என்பதைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் நகைச்சுவையோடு எழுதி வைத்தார். ஆயினும், இவ்விடர் உடையோர் யாவரும் மேதைகளாவர் என்று கருதிவிடலாகாது. மற்றவரைப் போலவே இவர்களிலும் பலதிறத்தார் உளர். மேதையாவான் என்பதற்காக ஒருவனை மதிப்பது வாணிகம். மனிதன் என்பதற்காக மதிப்பதே பண்பு.

ஆசிரியரும் பெற்றோரும் அரசும் செய்தற்கு உரியன பல உள. உடன் பயிலும் மாணவர் செய்தற்கு உரியதோ மிக எளியது. நண்பன் படிக்கத் தடுமாறும்பொழுது நகையாதிருத்தல் வேண்டும்; அவன் சொல்லை முடிக்கும் வரை காத்திருத்தல் வேண்டும்; வேண்டுமென்று அவன் கேட்டால் பாடத்தைப் படித்துக் காட்டுதல் வேண்டும். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை, பெரும்புலமையும் வேண்டுவதில்லை.

சீஃபோர்டுச் சிறுவனின் கூர்மதியை அவனுடைய ஆசிரியர் அறிந்திருந்தார். ஆனால், அவனுக்கு எங்ஙனம் எழுத்தறிவிப்பது என்பதை அந்நாளில் எவரும் அறியார். இந்நாளில் அவ்வழி நமக்குத் தெரியும். மங்கிய கண்ணை இகழ்ந்து பயன் இல்லை. அதற்கு ஏற்ற விளக்கை ஏற்றி வைத்தலே அறிவுடையார் கடமையாகும்.